கொல்லையில் ஒரு வாசற்படி

தம்பி,

நேற்று போனில் நீ பேசிக்கொண்டே இருந்தாய், நான் ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்தேன். ‘ம்’ என்றால் சரி என்று அர்த்தமில்லை. இத்தனை வயசாகியும் உனக்கு அது தெரியவில்லை, பெண்டாட்டி வந்த பிறகு தெரிந்துகொள்வாய். போனில் உன்னோடு மல்லுக்கு நிற்க என்னால் முடியாது. நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், அதற்கு மேலும் நான் வாயைத் திறந்தால் ‘டவர் இல்லம்மா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டே படிக்காதே. ரூமுக்குப் போய், கை கால் கழுவி, உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வைத்து நம் கொல்லையைத் தோண்டப் போகிறேன் என்றாய். அன்றைக்குத் தொல்லியல் ஆபீஸ் லீவு, யாரும் வந்து கேட்க மாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் கடைக்கால் போட்டு மூடிவிட்டால் அப்புறம் எவன் என்ன செய்வான் என்றாய். தைக்குள் வீடு எழும்பிவிடும், நிவேதா புது வீட்டில்தான் வலது கால் வைத்து வருவாள் என்று சொல்லும்போது உன் குரலே வேறாக இருந்தது. உன் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் அந்த வண்டி நம் கொல்லைக்குள் வரக் கூடாது. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

தெருக்கோடியில் இருக்கிற மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு நீலப் பலகை நட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ராஜாவின் மாளிகை இருந்த இடம், பாதுகாக்கப்பட்ட இடம், சுற்றி நூறு மீட்டருக்குள் தோண்டவோ புதிதாகக் கட்டவோ கூடாது என்பது சட்டம். நம் கொல்லையிலிருந்து எட்டித் துப்பினால் வேலிக்குள் விழும். அதற்கு நீ என்ன சொன்னாய்? “செத்துப்போன ராசாவுக்கு ஆயிரம் வருசம் கழிச்சும் வூடு இருக்கு, உசுரோட இருக்கிற எனக்கு ஒரு வூடு கட்டக் கூடாதாம்மா?” நியாயமான கேள்விதான், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழக்கு, அபராதம், ஜெயில் என்று பூச்சாண்டி காட்ட நான் எழுதவில்லை. அதெல்லாம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவதைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்றுதான் இத்தனை நாளும் வாய் திறக்கவில்லை. இப்போது சிரித்தாலும் பரவாயில்லை.

நம் தெருவில் எந்த வீடும் ரோட்டுக்கு நேராக இல்லை, கவனித்திருக்கிறாயா? எல்லாமே ஒரு பக்கமாக ஒருக்களித்து நிற்கும். லோன் விஷயமாக வந்த இன்ஜினியர், “என்னங்க, தெருவே தண்ணியப் போட்டுட்டு நிக்குதா?” என்று கேட்டுச் சிரித்தாராம். தண்ணியும் இல்லை ஒன்றும் இல்லை. இந்தத் தெருவில் யாரும் கடைக்கால் தோண்டிக் கட்டியதில்லை. முழங்கால் ஆழம் கொத்தினாலே பழைய செங்கல் சுவர் தட்டுப்படும். பட்டையான பெரிய செங்கல், கடப்பாரை போட்டாலும் அசையாது. ராஜா போட்ட கடைக்கால் இருக்கும்போது நாம் ஏன் தனியாகப் போட வேண்டும் என்று அந்தச் சுவர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே மேலே எழுப்பிவிடுவார்கள். பலகை வருவதற்கு முன்னால் ஊர் வழக்கமே அதுதான். அதனால் நம் தெரு வீடுகள் ரோட்டைப் பார்த்து நிற்கவில்லை, கீழே இருக்கிற வீட்டைப் பார்த்து நிற்கின்றன.

உங்கப்பாவும் அப்படித்தான் கட்டினார். அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், சிமெண்டுக்குக் குறைவில்லை, பொறுமைதான் குறைவு. மூன்று பக்கமும் பழைய சுவர் கிடைத்தது, அதன் மேலேயே எழுப்பினார். நான்காவது பக்கம் சுவர் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. பக்கச் சுவர் இரண்டும் நிற்காமல் கொல்லைக்குள் போய்க்கொண்டே இருந்தன. “இது என்னடி, இழுத்துக்கிட்டே போவுது. அவ்ளோ பெரிய வூடு நமக்கு எதுக்கு?” என்று நடுவில் குறுக்கே ஒரு சுவரை எழுப்பி அடைத்துவிட்டார். அதுதான் சமையல்கட்டின் பின்சுவர். அதற்கு அடியில் பிடிமானம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லைப் பக்கம் சாய்கிறது. அது ஒருநாள் என் தலையில் விழுந்துவிடும் என்றுதானே நீ பயப்படுகிறாய்? அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி சொல்கிறேன், கடைசியில்.

நம் வீட்டுக் கக்கூஸ் ஏன் அத்தனை தூரத்தில் புளியமரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று எத்தனை முறை என்னோடு சண்டை போட்டிருக்கிறாய்! மழையில் குடை பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போகும் ஒரே குடும்பம் நாம்தான் என்பாய். முதலில் கொல்லைக்கு நடுவில்தான் குழி எடுத்தார். நீ அப்போது பிறக்கவில்லை. நல்ல வெயில், உச்சிப்பொழுது. நான் மோர் கொண்டுபோய்க் கரையில் வைத்துவிட்டு நிற்கிறேன். இடுப்பளவு குழியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கடப்பாரையைச் சாய்த்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார். நான் “என்னங்க?” என்றேன். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறி வந்தார். மோரைத் தொடவில்லை. “கீழ யாரோ கூட்டுறாங்கடி” என்றார்.

நான் சிரித்தேன். உங்கப்பா எதற்கும் பயப்படுகிறவர் இல்லை, மலை ரோட்டில் பிரேக் பிடிக்காத லாரியை இறக்கிக்கொண்டு வந்து ‘ஒண்ணுமில்ல, டீ போடு’ என்றவர். அப்படிப்பட்டவர் முகம் அன்றைக்கு வெளுத்துப் போயிருந்தது. நானும் குழிக்கரையில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது, தம்பி. காலையில் நம் வாசலைக் கூட்டும்போது விளக்குமாறு தரையில் இழுபடுமே, அதே சத்தம். இரண்டு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு இழுப்பு. அவசரமே இல்லை. வெளியூர் போன வீட்டுக்காரர் வரும் நேரத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்து வைக்கிற மாதிரி இருந்தது. உங்கப்பா எடுத்த மண்ணையெல்லாம் திரும்பத் தள்ளி மூடினார். கேட்டவர்களிடம் பாறை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இதைக்கூட வெயில் மயக்கம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நீ பிறந்தாயே.

நீ தத்தித் தத்தி நடக்கிற வயசு. நான் சமையல்கட்டுக் கதவோரம் உட்கார்ந்து கையை நீட்டிக் கூப்பிடுவேன், நீ புளியமரத்தடியிலிருந்து சிரித்துக்கொண்டே வருவாய். நடுவில் ஒரு கல் கிடையாது, ஒரு செடி கிடையாது, வெறும் தரை. எந்தக் குழந்தையும் அம்மாவைப் பார்த்தால் நேராகத்தானே ஓடிவரும்? நீ பாதிக் கொல்லை வந்ததும் நின்றுவிடுவாய். இடது பக்கம் திரும்பி, ஒரு கையை வெறுங்காற்றில் வைத்துத் தடவிக்கொண்டே நடப்பாய். குழந்தைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்குமே, அச்சாக அதே மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் நிற்பாய். ஒரு காலை உயரத் தூக்கி எதையோ தாண்டுவாய். அதற்கப்புறம்தான் என்னிடம் ஓடிவந்து விழுவாய். ஒரு நாள் இல்லை, தினமும். முதலில் நானும் உங்கப்பாவும் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். ஒருநாள் அவர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். “இவன இங்க விடாதடி, வாசப்பக்கம் வெளையாட வுடு” என்றார்.

வளர்ந்த பிறகு உனக்கு அது மறந்துவிட்டது என்று நினைத்தேன். மறக்கவில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தாயே, நிவேதாவோடு போனில் பேசிக்கொண்டு கொல்லையில் மேலும் கீழும் நடந்தாய். என்னதான் பேசுவீர்களோ, நான் வடை மாவு அரைத்து, சுட்டு, எடுத்தும் வைத்துவிட்டேன், நீ நடந்துகொண்டே இருக்கிறாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே இடத்தில் திரும்புகிறாய். தரையில் கோடு போட்டு வைத்த மாதிரி, அதை ஒருமுறைகூட நேராகத் தாண்டவில்லை. தாண்டவேண்டி வந்தபோது அந்த ஒரு இடத்துக்குப் போய், பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வைத்து வந்தாய். உனக்கே தெரியாமல்தான் செய்தாய். அடுப்பில் மிச்ச எண்ணெய் காய்ந்து புகைவதுகூடத் தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நீ திருச்சியில் காலேஜ் படித்த சமயத்தில் மேட்டைத் தோண்டி ஆராய்ச்சி செய்ய வந்தார்கள். நம் தெருப் பெண்கள் எல்லாம் மண் சுமக்கப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் சத்துணவு வேலை இல்லாமல் நானும் போனேன். வேலிக்குள் தோண்டிய சுவர் நம் கொல்லைப் பக்கம் போகிறது என்று என்னிடம் கேட்டுக் கையெழுத்து வாங்கி இங்கேயும் ஒரு சதுரக் குழி எடுத்தார்கள். உன்னிடம் ‘தோண்டுனாங்க, உடைஞ்ச ஓடு கெடச்சுது’ என்று மட்டும் சொன்னேன். கிடைத்தது ஓடு மட்டும் இல்லை. நீ சின்ன வயசில் காற்றில் கை வைத்துத் தடவிக்கொண்டு போனாயே, அதே கோட்டில், ஒரு விரல்கூட விலகாமல், செங்கல் சுவர் வந்தது. நீ காலைத் தூக்கிய இடத்தில் ஒரு வாசற்படிக் கல் கிடந்தது. ஆள் மிதித்து மிதித்து நடுவில் தேய்ந்து குழிந்த கல்.

அங்கே பொறுப்பாக இருந்த ஆபீசர் சின்னப் பெண். “அம்மா, இது ஒரு பெரிய அறை. இதுதான் அதுக்கு வாசல். உங்க சமையல்கட்டே அந்த அறைக்குள்ளதான் இருக்கு, தெரியுமா?” என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு படிக்கு உள்பக்கம் மண்ணை அள்ளச் சொன்னாள். அடியில் சுண்ணாம்புத் தரை. மற்ற குழிகளில் தரை வரும்போது மண் ஒட்டிக்கொண்டு வரும், பிரஷ் வைத்து நாள் கணக்கில் தேய்ப்பார்கள். இங்கே மண் தானாக விலகியது. தரை பளிச்சென்று கிடந்தது. அந்தப் பெண் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, “இவ்ளோ சுத்தமா இருக்கே, நேத்து கூட்டுன மாதிரி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். என் கையிலிருந்த கூடை நழுவி விழுந்துவிட்டது. “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்றாள். வெயில் என்றேன். படம் எடுத்து, அளந்து, மணல் போட்டு எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டுப் போனார்கள். மூடுவதற்கு முன்னால் அந்தப் படிக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்தவர் வீட்டில் இத்தனை வருஷம் அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டு ஒரு கும்பிடுகூடப் போடாமல் இருந்தோமே என்று தோன்றியது.

நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. உங்கப்பாவோடு குடும்பம் நடத்தியவளுக்குப் பேய் என்ன செய்துவிடும்? பகலில் வேலை முடித்து உச்சிவேளையில் நான் சமையல்கட்டில் தலை சாய்க்கும்போது இப்போதும் அந்தச் சத்தம் வரும். இரண்டு இழுப்பு, நிறுத்தி, இரண்டு இழுப்பு. முதலில் எழுந்து வாசல்பக்கம் போய்விடுவேன். இப்போது போவதில்லை. ஆனால் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அது கேட்கிற நேரத்தில் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். போன மாசம் ஒருநாள் கொடியில் துணி எடுக்கப் போனபோது, நான் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. என் கால் தன்னாலே தூக்கி வைத்தது. வயசாகிறது, தம்பி. குழந்தைக்குத் தெரிந்த வழி கிழவிக்கும் தெரிய ஆரம்பிக்கிறது போலிருக்கிறது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுதான் சொல்லத் தெரியும். எந்த வீடும் நாம் போகும்போது காலியாக இருப்பதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உங்கப்பாவின் கோபம் எனக்கு முன்னாலேயே இங்கே குடியிருந்தது. அதை விரட்டப் பார்த்துத் தோற்றேன், அப்புறம் அது உட்காருகிற இடத்தைத் தெரிந்துகொண்டு சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன். நிவேதாவும் வெறும் ஆளாக வரமாட்டாள். பெரம்பலூரில் அவள் வளர்ந்த வீடு, அவளுடைய அழுகை, அவளுக்குப் பிடித்தவர்கள் பிடிக்காதவர்கள் எல்லாரும் கூடவே வருவார்கள். அதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு உன் கடைக்காலைப் போடலாம் என்று நினைத்தாயானால் இந்தப் பின்சுவர் மாதிரிதான் நிற்பீர்கள், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு.

உனக்கு வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டிமடம் ரோட்டில் இருக்கிற நம் முந்திரிக்கொல்லையின் முன்பக்கத்தை எடுத்துக்கொள். அங்கே பலகையும் இல்லை, சட்டமும் இல்லை, கீழே முந்திரி வேரைத் தவிர ஒன்றும் இல்லை. நான் இங்கேதான் இருப்பேன். சாய்ந்த சுவரை என்ன செய்வது என்று தொல்லியல் ஆபீஸில் விசாரித்துவிட்டேன். புதிதாகக் கட்டத்தான் கூடாது, இருக்கிறதைப் பழுது பார்க்க மனு கொடுத்து அனுமதி வாங்கலாமாம். நீ லீவில் வரும்போது இரண்டு பேரும் போய்க் கொடுத்துவிட்டு வருவோம்.

இதையெல்லாம் படித்துவிட்டும் நீ ‘அம்மாவுக்குத் தனியா இருந்து இருந்து புத்தி பேதலிச்சுப்போச்சு’ என்றுதான் நினைப்பாய். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, போன வெள்ளிக்கிழமை வரைக்கும். அன்றைக்கு சம்பந்தி வீட்டார் கல்லங்குறிச்சி பெருமாளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே இங்கேயும் ஒரு எட்டு வந்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, நடந்தது முழுவதையும் சொல்லவில்லை. வண்டியில் நிவேதாவும் இருந்தாள். தாலி ஏறாமல் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசப்படி ஏறக் கூடாது என்று அவள் அம்மா வண்டியை விட்டே இறங்க விடவில்லை. உச்சி வெயில், வண்டிக்குள் பிள்ளை வாடிப்போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “வூட்டுக்குள்ளதான வரக் கூடாது சம்பந்தியம்மா, கொல்லப்பக்கமா போயி புளியமரத்து நிழல்ல நிக்கட்டுமே” என்றேன். அவர்களும் சரி என்றார்கள். அவள் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். நான் உள்ளே வந்து அவளுக்கு மோர் கலக்கினேன்.

மோரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக் கதவைத் திறந்தேன். அவள் மரத்தடியில் இல்லை. நடுக்கொல்லையில், அந்தப் படிக்கல் புதைந்திருக்கிற இடத்துக்கு வெளியே நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எதிரே வெறும் வெளியைப் பார்த்து, “உள்ள வரலாங்களா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. யாரோ பதில் சொன்ன மாதிரி லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினாள். பிறகு வலது காலை நன்றாகத் தூக்கி, தாண்டி, உள்ளே வைத்தாள்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க அத்தை, அவங்க வான்னு கூப்புட்டாங்க, மறுக்க முடியல” என்றாள். யார் கூப்பிட்டது என்று கேட்டேன். “கூட்டிக்கிட்டு இருந்தாங்களே, அந்த அக்காதான். நம்ம வூட்டு ஆளுங்களா?” என்று திரும்பிப் பார்த்தாள். கொல்லையில் வெயிலைத் தவிர யாரும் இல்லை. கல்யாணப் பெண்ணைப் பயமுறுத்தக் கூடாது என்று நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். “ஆமாம்மா, நம்ம வூட்டு ஆளுதான்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல் சொன்னதுதான், தம்பி. உன் பெண்டாட்டி வலது காலை வைத்து வந்தாயிற்று, அவளை வா என்று கூப்பிட்டவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஜேசிபியை அனுப்பாதே.

அம்மா